பழைய கணினிப் பட்டியல்களை மின் ஆவணமாக்குதல்

(கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்)

ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த பெரியார்களுள் ஒருவராகிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை எமது மாணவர் நன்கறிவர். 1881 ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும், 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அவர் பதிப்பித்தார். சுவடியைத் தேடிப் பெறுவது ஒரு துன்பம்; பெற்ற சுவடியைச் சரியாகப் படிப்பது மற்றொரு துன்பம். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரு வடிவாகவே எழுதப்பட்டன; ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. ஆதலின், ஏட்டில் உள்ள வடிவம் யாது என்று கண்டால் மட்டும் போதாது. அவ்வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கின்றது என்பதையும் பதிப்பாசிரியர் துணியவேண்டியிருந்தது.

கணினியைக் கையாளும் நமக்கும் இந்நாளில் அவ்விரு துன்பங்களும் வந்து சேர்ந்துள்ளன. 1980 களிலும் 1990 களிலும் கணினியிலே தொகுத்து அச்சிடப்பட்ட பெயர்ப்பட்டியல்கள், சந்தாக் கணக்குகள், நூலகப் பதிவுகள் முதலியன பல நிறுவனங்களில் இன்றும் கிடக்கின்றன. அவற்றை ஆக்கிய நிரல்கள் வழக்கொழிந்தன; அச்சிட்ட பொறிகளுக்கு மைநாடா கிடைப்பதும் அரிதாயிற்று. அத்தகைய பட்டியல்களை இக்காலத்து மின் ஆவணங்களாக மாற்றுவது எவ்வாறு, மாற்றும்போது எவை தவறக்கூடும் என்பனவற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறும். தமிழாசிரியன் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வினவுவோர்க்கு விடையாக, என்னால் நேர்ந்த ஒரு பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

பதிவில் இல்லை என்ற பெயர்

2013 ஆம் ஆண்டில், அக்காலத்தில் யான் கற்பித்த ஒரு பாடசாலையின் பழைய மாணவர் பட்டியலைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அப்பட்டியல் பொக்ஸ்புரோ என்னும் நிரலில் ஆக்கப்பட்டது. நிரல் இருந்த கணினி பழுதடைந்து கழிக்கப்பட்டுவிட்டது. கழிக்குமுன் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு, பட்டியலைக் காகிதத்தில் அச்சிடுவதற்குப் பதிலாகப் பி.டி.எவ். ஆவணமாகச் சேமித்து வைத்திருந்தார். அஃதொன்றே எஞ்சியிருந்தது.

அந்நாளில், கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவரின் மகனார் எனக்குக் கடிதம் எழுதினார். தந்தையாரின் சான்றிதழ்கள் யாவும் 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தொலைந்துபோயின என்றும், தாம் பாடசாலையிற் சேர்ந்த நாளைப் பதிவிலே ஒருமுறை காணவேண்டும் என்பது நோயுற்றிருக்கும் அவருடைய விருப்பம் என்றும் அதிற் குறிப்பிட்டிருந்தார். யான் ஆவணத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் அவர் பெயரைத் தமிழிலே தட்டச்சிட்டேன். இல்லை என்றது கணினி. தந்தைபெயரைக் கொண்டு தேடினேன், அதுவும் இல்லை. 'பதிவில் அப்பெயர் காணப்படவில்லை' என்று மறுமொழி எழுதி அனுப்பினேன்.

சில மாதங்களின் பின், வேறொரு தேவைக்காக அவ்வாவணத்தைப் பக்கம் பக்கமாகக் கண்ணாற் படித்த சக ஆசிரியர் ஒருவர், "ஐயா, நீங்கள் அன்று தேடிய பெயர் இங்கே இருக்கின்றதே" என்றார். பெயர் இருந்தது, தந்தைபெயரும் இருந்தது, சேர்ந்த நாள் 05/06/52 என்று இருந்தது. அன்றே கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர்ந்தபோது பெரியவரின் அந்தியேட்டி முடிந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரிந்த பெயரைக் கணினி ஏன் காணவில்லை? 05/06/52 என்பது மே மாதமா, யூன் மாதமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

தரவும் அறிக்கையும்

பெயர், முகவரி, தொகை போன்ற விபரங்களை ஒழுங்காகச் சேமித்து, வேண்டியபோது வேண்டியவாறு எடுத்துத் தரும் நிரலைத் தரவுத்தள நிரல் என்பர். சிறு கணினிகளில் இதனைப் பரவச் செய்தது டீபேஸ் என்னும் நிரல். அமெரிக்காவில் கலிபோர்ணியா மாநிலத்து ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த வெயின் ராட்லிவ் என்பவர், 1970 களின் பிற்பகுதியில் வல்கன் என்ற பெயரில் இதனை ஆக்கினார். பின்னர் அஷ்டன்-டேட் என்னும் கொம்பனி இதனை 'டீபேஸ் இரண்டு' என்ற பெயரில் விற்றது. 'டீபேஸ் ஒன்று' என ஒரு நிரல் விற்பனைக்கு வந்ததேயில்லை. 1984 ஆம் ஆண்டில் 'டீபேஸ் மூன்று' வந்தது. அதன் வழியைப் பின்பற்றி எழுந்த பொக்ஸ்புரோவை 1992 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வாங்கியது. 2007 ஆம் ஆண்டில், இதற்குப் புதிய பதிப்பு இனி வெளிவராது என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2015 ஆம் ஆண்டு சனவரி மாதத்தோடு இறுதிப் பதிப்புக்கான ஆதரவும் நின்றது. நிரலுக்கும் மூப்பும் முடிவும் உண்டு.

இந்நிரல்களில் இரண்டு பொருள்களை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒன்று தரவு; மற்றது அறிக்கை. தரவு என்பது, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பதிவாகவும், ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு புலமாகவும் வைக்கப்பட்ட களஞ்சியம். அறிக்கை என்பது, அக்களஞ்சியத்திலிருந்து சிலவற்றைத் தெரிந்து, வரிசைப்படுத்தி, தலைப்பிட்டு, கூட்டுத்தொகை கண்டு, பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தருவது. இவ்வறிக்கையின் அமைப்பு தரவுக் கோப்பில் இராது. வேறொரு கோப்பில் இருக்கும்.

ஆகவே அறிக்கையில் உள்ள சில தரவில் இல்லை. 'வாழ்நாள் உறுப்பினர்' என்ற தலைப்பு, ஆண்டுவாரியான கூட்டுத்தொகை, எந்த நாளில் அச்சிடப்பட்டது என்ற குறிப்பு ஆகியன அறிக்கைக்கே உரியன. அவ்வாறே தரவில் உள்ள சில அறிக்கையில் இல்லை. அறிக்கையின் ஒரு நிரல் இருபது எழுத்து அகலமே உடையதாயின், நீண்ட பெயரின் பிற்பாதி அங்கே வெட்டுண்டோ மடிந்தோ நிற்கும். டீபேஸிலே ஒரு பதிவை நீக்கினால், அது உடனே அழிவதில்லை. அதன் முகப்பில் ஓர் உடுக்குறி இடப்படும், அவ்வளவே. கோப்பைச் சுருக்குமாறு தனியே கட்டளையிடும்வரை அப்பதிவு உள்ளேயே இருக்கும். இறந்தவர், விலகியவர் என்று நீக்கப்பட்ட பலர் அறிக்கையில் மறைந்தும் தரவில் எஞ்சியும் இருத்தல் இதனாலாகும்.

இவற்றால் நாம் கொள்ளவேண்டிய முடிவு ஒன்று. அறிக்கையை மின் ஆவணமாக்கிவிட்டோம், இனித் தரவு வேண்டியதில்லை என்பதும் தவறு. தரவு இருக்கின்றது, அறிக்கை எதற்கு என்பதும் தவறு. அறிக்கை, அன்று அந்நிறுவனம் தன் கையொப்பத்தோடு வெளியிட்ட சான்று. தரவு, நாளை புதிய வினாவுக்கு விடைதரும் மூலம். இரண்டையும் காத்தல் வேண்டும்.

மூன்று வழிகள்

பழைய அறிக்கையை மின் ஆவணமாக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, அச்சிட்ட காகிதத்தை ஒளிவருடிப் படமாக்குதல். நிரலும் கணினியும் அழிந்து காகிதம் மாத்திரம் எஞ்சியபோது இதுவே வழி. ஆனால் இவ்வாறு பெறுவது எழுத்தன்று, எழுத்தின் நிழற்படம். படத்திலிருந்து எழுத்தை உணரும் நிரல்கள் உண்டு. தமிழெழுத்தையும் அவை உணரும். எனினும் புள்ளி புள்ளியாக அச்சிடும் பழைய பொறியின் மைநாடா மங்கியிருந்தால், சுழியமும் ஓ என்னும் ஆங்கில எழுத்தும் மயங்கும். மூன்றும் எட்டும் மயங்கும். பெயரில் வரும் பிழையைக் கண் கண்டுகொள்ளும். சேர்விலக்கத்தில் வரும் பிழையைக் கண் காணாது.

இரண்டாவது, நிரல் இன்னும் இயங்குமாயின், அறிக்கையைப் பொறிக்கு அனுப்பாது கோப்புக்கு அனுப்புதல். டீபேஸிலே அறிக்கைக் கட்டளையின் ஈற்றில் 'அச்சுக்கு' என்பதன் இடத்திற் 'கோப்புக்கு' என்ற பொருள்படும் சொல்லை இட்டுக் கோப்பின் பெயரையும் கொடுத்தாற் போதும். இக்காலத்து அறுபத்துநான்கு துணுக்கு விண்டோஸ் கணினிகளில் டொஸ் கால நிரல்கள் நேரே இயங்கா. டொஸ்பொக்ஸ்-எக்ஸ் போன்ற போலி இயந்திர நிரலை நிறுவி, அதற்குள்ளே பழைய நிரலை இயக்கலாம். அச்சுப்பொறிக்குச் செல்லும் வாயிலை ஒரு கோப்போடு இணைக்கவும் அது இடந்தரும்.

இவ்வழியிற் கிடைப்பது வெறும் எழுத்துக்கோப்பு. அதனைப் பி.டி.எவ். ஆக்கும்போது மூன்று சங்கதிகளைக் கவனித்தல் வேண்டும். எழுத்துக்கள் யாவும் ஒரே அகலமுடைய எழுத்துருவைத் தெரிதல் வேண்டும்; இல்லையேல் நிரல்கள் கோணி, ஒருவரின் தொகை மற்றொருவரின் நேரே நிற்கும். அச்சுப்பொறிக்கெனச் சென்ற மறைகுறிகளை அறிதல் வேண்டும். எப்சன் வகைப் பொறிகளில் 15 என்ற குறி எழுத்தை ஒடுக்கும், 18 என்ற குறி அதனை நீக்கும், 12 என்ற குறி அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். இவற்றை அறியாது மாற்றினால் அங்கங்கே பொருளற்ற கட்டங்கள் தோன்றும், பக்கங்களும் குழம்பும். கோடுகளையும் நோக்குதல் வேண்டும். டொஸ் காலத்துப் படுகோட்டுக் குறி, விண்டோஸிலே தலைமேல் இரு புள்ளியிட்ட ஏ என்ற எழுத்தாக மாறித் தோன்றும்.

மூன்றாவது, விண்டோஸில் இயங்கும் பிற்காலப் பொக்ஸ்புரோ போன்றவற்றுக்கு உரியது. அச்சுப்பொறி என்ற இடத்தில் உண்மைப் பொறிக்குப் பதிலாக, ஆவணம் ஆக்கும் போலிப் பொறியைத் தெரிதலே அவ்வழி. 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 இல் அத்தகைய பொறி உடன் இணைந்தே வந்தது. அதற்கு முந்திய காலத்தில், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் அச்சிடும் பொறி ஒன்றை நிறுவி, அறிக்கையை அம்மொழியிற் கோப்பாகப் பெற்று, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் இலவச நிரலாற் பி.டி.எவ். ஆக்கினர். இன்றும் அவ்வழி பயன்படும். யான் தேடித் தோற்ற ஆவணமும் இந்த மூன்றாம் வழியிற் பிறந்ததே.

எழுத்தும் வடிவமும்

பி.டி.எவ். என்பது 1993 ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் வெளியிட்ட ஆவண அமைப்பு. 2008 ஆம் ஆண்டில் அது சர்வதேசத் தர நிர்ணயமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரேவிதமாகத் தோன்றவேண்டும் என்பது அதன் நோக்கம். ஆதலின், 'இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை' என்ற அறிவுறுத்தலே அதன் அடிப்படை. அவ்வடிவம் எந்த எழுத்து என்பதை அறிவிக்க வேறோர் அட்டவணை வேண்டும். அட்டவணை பிழையாயின் கண்ணுக்குப் பக்கம் சரியாகவே தோன்றும். தேடும்போதும் படியெடுக்கும்போதும் மாத்திரமே குற்றம் வெளிப்படும்.

நமது நாட்டிற் பல்லாண்டுகள் பாமினி என்ற எழுத்துரு பெருவழக்காயிருந்தது. அதில் 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டச்சிட்டால், திரையிலே தமிழ் தோன்றும். ஆனால் கணினியின் உள்ளே இருப்பன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. தகரத்தின் உருவம் ஜே என்ற எழுத்துக்கு அணிவித்த சட்டை. அச்சுத்தாளுக்கு அது போதும். தேடுவோன் இக்காலத்து யுனிக்கோட் முறையிலே உண்மையான தகரத்தைத் தட்டச்சிட்டால், உள்ளே தகரம் என்பதே இல்லாமையால், கணினி 'இல்லை' என்கின்றது. அது பொய் சொல்லவில்லை. யான்தான் வினவவேண்டிய எழுத்திலே வினவவில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. கெ, கே, கை, கொ முதலிய எழுத்துக்களிற் கொம்பு முன்னே எழுதப்படும். பாமினியில் அக்குறி முன்னாகவே சேமிக்கப்படும். யுனிக்கோட்டிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினாற் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். பாமினியை யுனிக்கோட்டாக்கும் நிரல்கள் இதனைச் செய்கின்றன. எனினும் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருக்குமாயின், உண்மையான ஆங்கிலத்தையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும். முகவரிப் புலத்தைத் தனியாகவும் பெயர்ப்புலத்தைத் தனியாகவும் மாற்றுவதே நன்று. அதற்குத் தரவுக் கோப்பு வேண்டும். அறிக்கையோடு தரவையும் காக்கவேண்டும் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

புள்ளியற்ற ஏட்டைப் படித்த பதிப்பாசிரியர் நிலையும் இதுவே. வடிவம் எஞ்சியது, எழுத்தைத் துணியும் கடமை பின்வந்தவனுக்கு ஆயிற்று.

நாளும் ஆண்டும்

இனி 05/06/52 என்பதற்கு வருவோம். டீபேஸும் அதன் வழிவந்தனவும், வேறாகக் கட்டளையிடாவிடின், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் இடும். ஆண்டின் ஈற்றிரு இலக்கங்களையே அச்சிடும். நம் வழக்கிலோ நாள் முன், மாதம் பின். தாளை மட்டும் நோக்குவோன் மே 6 என்றும் கொள்ளலாம், யூன் 5 என்றும் கொள்ளலாம்.

தரவுக் கோப்பிலே இந்த ஐயம் இல்லை. அங்கே நாள் எப்போதும் எட்டு இலக்கமாக, முதலில் ஆண்டு நான்கு, பின் மாதம் இரண்டு, பின் நாள் இரண்டு என்ற ஒழுங்கிற் சேமிக்கப்படும். தரவு எம்மிடம் இல்லாதபடியால் அறிக்கையின் உள்ளேயே சான்று தேடினோம். அதே நிரலில் 01/22/52 என்ற பதிவு கிடைத்தது. இருபத்திரண்டாம் மாதம் என்று ஒன்றில்லை; ஆகவே அந்நிரலில் மாதமே முன்னிற்கின்றது என்பது துணிபு. பெரியவர் சேர்ந்த நாள் 1952 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி. மகனாருக்கு அவ்வாறே எழுதினேன்.

சரிபார்த்தலும் காத்தலும்

மின் ஆவணம் ஆக்கியவுடன், பழைய கணினியைக் கழிக்குமுன், பின்வரும் சோதனைகளைச் செய்தல் வேண்டும். அரைமணி நேர வேலையே.

ஆவணத்தில் உள்ள ஒரு பெயரைத் தமிழிலே தட்டச்சிட்டுத் தேடுக. முதற்பக்கத்தில் ஒரு பெயர், நடுப்பக்கத்தில் ஒரு பெயர், இறுதிப் பக்கத்தில் ஒரு பெயர் என மூன்று பெயர்களாவது வேண்டும். அவற்றுள் ஒன்று கொம்புள்ள எழுத்து வரும் பெயராக இருக்கட்டும். ஒரு வரியைப் படியெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பார்க்க. தமிழாகவே வருகின்றதா என்று நோக்குக. அறிக்கையின் ஆட்கள் தொகையைத் தரவிலுள்ள பதிவுத் தொகையோடு ஒப்பிடுக. வேறுபாடு இருப்பின் காரணத்தை எழுதி வைக்க. பன்னிரண்டுக்கு மேற்பட்ட இலக்கம் வரும் ஒரு திகதியைத் தேடி, மாதம் எது, நாள் எது என்று துணிக. துணிந்ததை முதற்பக்கத்திலே குறிப்பிடுக.

நீண்டகாலம் காக்கவேண்டிய ஆவணங்களுக்கெனப் பி.டி.எவ்./ஏ என்னும் தர நிர்ணயம் 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுத்துருக்கள் ஆவணத்தின் உள்ளேயே அடங்கியிருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. சேமிக்கும்போது அவ்வமைப்பைத் தெரிதல் நன்று. எனினும் அதன் அடிப்படைப் படிநிலை, வடிவத்துக்குரிய எழுத்தை அறிவிக்கும் அட்டவணையைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே மேற்சொன்ன சோதனையைத் தர நிர்ணயத்தின் பெயரைக் கண்டு விட்டுவிடலாகாது. தரவுக் கோப்பையும் அறிக்கை அமைப்புக் கோப்பையும் ஆவணத்துடன் ஒரே உறையில் வைப்பது போல ஒன்றாக வைக்க. தரவுக் கோப்பை லிப்ரே ஒபிஸ் போன்ற இலவச நிரல்கள் இன்றும் திறக்கின்றன.

படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருத்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் உடன் எரிந்தன என்பதை நாம் மறத்தல் இயலாது. கல்லூரியில் ஒன்று, பழைய மாணவர் சங்கத்தில் ஒன்று, கடல்கடந்த கிளையில் ஒன்று என வைத்தால், ஓரிடத்துக்கு நேரும் இடர் மற்றவற்றைத் தீண்டாது.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்திலோ அலுவலகத்திலோ, இரு ஓரமும் துளையிட்ட தொடர்காகிதத்தில் அச்சிட்ட கல்லூரிப் பட்டியல் ஏதும் இருப்பின், பழைய நெகிழ்தட்டுக்கள் இருப்பின், அவற்றை எறியாதிருங்கள், கல்லூரிக்கு அறிவியுங்கள். எமது மாணவர் கணினிப் பயிற்சியாகவே அவற்றை மாற்றித் தரும் ஆற்றல் உடையவர்கள். மாணவர்களுக்குச் சொல்வது இது: கணினி 'இல்லை' என்று சொன்னவுடன் பிறர்க்கு 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தைத் திறந்து ஒருமுறை கண்ணாலும் படியுங்கள்.

அந்த ஆவணத்தை நாங்கள் பின்னர்ப் பாமினியிலிருந்து யுனிக்கோட்டுக்கு மாற்றினோம். இன்று அப்பெரியவரின் பெயரைத் தமிழிலே தட்டச்சிட்டால் உடனே வந்து நிற்கின்றது. அவர் அதனைக் காண இல்லை. பட்டியலில் உள்ள ஏனையோர்க்கும் அவர்தம் மக்களுக்கும் ஆவது அது பயன்படுக.